கொழுகொம்பு தேடிய நரம்பு: கால் இழந்த ஒரு சிறுமியின் வலி குறித்த நிகழ்வு ஆய்வு

இதை எழுதுவதற்குச் சிறுமியும் பெற்றோரும் இசைவு தந்திருக்கிறார்கள். ஊர், ஆண்டு, மருத்துவமனை ஆகியவற்றை வேண்டுமென்றே குறிப்பிடவில்லை. நான் மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் பணிபுரிகிறேன். அறுவை சிகிச்சையைச் செய்தவர் எங்கள் நுண்ணறுவை மருத்துவர். இந்தப் பிள்ளையின் வலிக்குச் சரியான காரணத்தைக் கண்டுபிடிக்க 6 மாதங்கள் பிடித்தன. அந்தத் தாமதத்தில் பெரும்பங்கு என்னுடையது.

பின்னணி

விபத்து நடந்தபோது அவளுக்கு 9 வயது. அப்பாவின் இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். திருப்பத்தில் லாரியின் பின்சக்கரம் அவளது இடது பாதத்தின் மீதும் கணுக்காலின் மீதும் ஏறி இறங்கியது. அப்பாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். தனக்கு அவ்வளவுதான் என்பதையே அவரால் இன்றுவரை தாங்கிக்கொள்ள முடியவில்லை.

முதலில் சேர்த்த மருத்துவமனையில் 6 நாள் அந்தக் காலுக்காகப் போராடினார்கள். ரத்தக் குழாய்கள் நசுங்கியிருந்தன, காயம் முழுக்க மண். கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. முழங்கால் மூட்டையும் அதற்குச் சற்றுக் கீழே, எலும்பு நீள்வதற்குக் காரணமான வளர்ச்சித் தட்டையும் அவர்கள் காப்பாற்றிக் கொடுத்தது பெரிய உபகாரம். வளர்கிற பிள்ளைக்கு முழங்கால் மிஞ்சுவதற்கும் மிஞ்சாமல் போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு.

அறுவைக் குறிப்பில் நரம்புகளைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: இழுத்து, கூரிய கத்தியால் வெட்டி, தசைக்குள் பின்வாங்க விடப்பட்டன. அதில் பிழை ஒன்றும் இல்லை. வெட்டிய நரம்பின் முனை, செயற்கைக்கால் அழுத்தும் இடத்தில் இல்லாமல் உள்ளே ஒதுங்கிவிடட்டும் என்பதற்காக உலகம் முழுவதும் நெடுங்காலமாகச் செய்துவரும் முறை அது.

விபத்து நடந்து 5ஆம் மாதத்தில் செயற்கைக்காலுக்காக எங்களிடம் வந்தாள். காயம் நன்றாக ஆறியிருந்தது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு எடுத்து, எஞ்சிய கால் பொருந்தி உட்காரும் கிண்ணமான சாக்கெட்டைச் செய்து, மூன்றே வாரத்தில் கைத்தடி இல்லாமல் நடந்தாள். வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு யாரையும் பிடிக்காமல் அவள் போய்த் திரும்பிய அன்று அவளுடைய அம்மா தூணுக்குப் பின்னால் நின்று அழுதார். எங்கள் வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

எலும்பைப் பார்த்தோம்

8ஆம் மாதத்தில் செயற்கைக்காலைப் போட மாட்டேன் என்று மறுக்கத் தொடங்கினாள். பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போவாள், முதல் பாடவேளை முடிவதற்குள் கழற்றி மேசைக்கடியில் வைத்துவிடுவாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டோம். எஞ்சிய காலின் நுனியைக் காட்டினாள். சாக்கெட்டை இருமுறை சரிசெய்தோம், உள்ளுறையை மாற்றினோம். எதுவும் பலன் தரவில்லை.

எக்ஸ்-ரே எடுத்தபோது வெளிப்பக்கத்துச் சிற்றெலும்பின் முனை, பென்சில் சீவியது போலக் கூர்மையாக நீண்டிருந்தது. எலும்பின் நடுவே வெட்டப்பட்ட குழந்தைகளுக்கு இது அடிக்கடி நேர்வது. வெட்டிய முனையில் புது எலும்பு கூடிக்கொண்டே போய்ச் சில நேரங்களில் தோலையே குத்திக் கிழித்துவிடும். பெரியவர்களிடம் இது அரிது. ஆகவே குழந்தைக்கு வலி என்றால் எங்கள் கண் முதலில் எலும்புக்குத்தான் போகும். போயிற்று. 11ஆம் மாதத்தில் எங்கள் பிரிவின் பரிந்துரைப்படியே எலும்பு முனையைச் சீவி எடுத்தார்கள்.

வலி குறைந்தது. கேஸ் ஷீட்டில் "நல்ல முன்னேற்றம்" என்று எழுதினேன். அறுவைக்கு அடுத்த 6 வாரமும் புண் ஆறுவதற்காக அவள் சாக்கெட்டையே போடவில்லை என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அழுத்தம் இல்லை, அதனால் வலியும் இல்லை. எலும்பைச் சீவியதுதான் காரணம் என்று எடுத்துக்கொண்டேன். 13ஆம் மாதத்தில் மறுபடி செயற்கைக்காலைப் போட்டதும் வலி முன்னைவிடக் கடுமையாகத் திரும்பியது. பள்ளிக்குப் போவது நின்றது. இரவில் 2 மணிக்கும் 3 மணிக்கும் எழுந்து உட்கார்ந்துகொள்வதாக அம்மா சொன்னார்.

அப்போது எங்கள் குழுவிலேயே ஒருவர், பள்ளிக்குப் போகப் பிடிக்காமல் இப்படிச் செய்கிறாளோ என்று கேட்டார். அவரை நான் மறுத்துப் பேசவில்லை.

அப்பத்தா கேட்ட கேள்வி

14ஆம் மாதத்தில் ஒருநாள் அம்மாவுக்கு வேலைக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அப்பத்தா அழைத்து வந்தார். பரிசோதனை முடிந்து எழுந்தவர் கதவருகே நின்று தயங்கினார்.

"டாக்டரம்மா, ஒன்று கேட்டால் தப்பாக நினைக்க மாட்டீர்களே? அந்தக் காலை எடுத்தவர்கள் அதை எப்படிப் புதைத்தார்கள்? விரல் மடங்கினபடியே புதைத்துவிட்டார்களோ?"

ஏன் கேட்கிறீர்கள் என்றேன்.

"பிள்ளை ராத்திரியெல்லாம் சுண்டுவிரல் மடங்கிக் கிடக்கிறது, நீட்டிவிடு அப்பத்தா, நீட்டிவிடு என்று அழுகிறாள். இல்லாத விரலை நான் எங்கே போய் நீட்ட? அவள் அம்மாவிடம் சொன்னால், கால் இல்லை என்பதை முதலில் மனதில் வாங்கு என்று அதட்டுகிறாள். இவள் பொய் சொல்கிறவள் இல்லை, அம்மா."

அந்த வீட்டிலும் எங்கள் மருத்துவமனையிலும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே நம்பியவர் அந்த மூதாட்டி ஒருவர்தான். அவர் தேடிய காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் விரல் மடங்கியிருக்கிறது என்பதை அவர் உண்மை என்று எடுத்துக்கொண்டார். நாங்கள் அதைக் கேட்கக்கூட இல்லை. எங்கே வலிக்கிறது, தொட்டுக் காட்டு என்று மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்டோம். தொட்டுக் காட்டுவதற்கு அவளிடம் பாதம் இல்லை. அதனால் இருக்கிற காலின் நுனியைக் காட்டினாள்.

தாளில் வரைந்த கால்

மறுவாரம் தாயும் மகளும் சேர்ந்து வந்தார்கள். ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு கால்களின் வெளிக்கோட்டை முழுசாக வரைந்து, மெழுகு வண்ணக் குச்சிகளை அவளிடம் கொடுத்தேன். பாதத்தின் மேற்புறத்துக்கு ஒரு படம், உள்ளங்காலுக்கு ஒரு படம். "இடது காலில் எங்கெல்லாம் என்ன செய்கிறதோ அங்கெல்லாம் வண்ணம் போடு கண்ணு. இல்லாத இடத்திலும் போடலாம்" என்றேன். அவள் உடனே அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா தலையசைத்த பிறகுதான் குச்சியை எடுத்தாள்.

உள்ளங்கால் முழுக்கச் சிவப்பை அழுத்தித் தேய்த்தாள், தாள் மடங்கும் அளவுக்கு. அது எரிச்சல். விரல்களின் அடியிலும் சிவப்பு. அவை உள்நோக்கி மடங்கி, இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றனவாம். பாதத்தின் மேற்புறத்தில் நீலத்தில் சின்னச் சின்னக் கோடுகள், செயற்கைக்காலைப் போட்டதும் ஷாக் அடிப்பது போலச் சுருக்கென்று ஓடுவதற்கு. சுண்டுவிரலின் வெளி ஓரத்தில் மட்டும் கறுப்பில் ஒரு சிறு கோடு. அது என்ன என்றேன். "குடைகிறது" என்றாள்.

அவள் போன பிறகு அந்தத் தாளை உடற்கூற்றியல் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். உள்ளங்காலுக்கும் விரல்களை மடக்கும் தசைகளுக்கும் போவது காலின் பின்புறமாக இறங்கும் டிபியல் நரம்பு. பாதத்தின் மேற்புறத் தோலுக்குப் போவது மேலோட்டப் பெரோனியல் நரம்பு. சுண்டுவிரலின் வெளி ஓரத்துக்கு சூரல் நரம்பு. மூன்று வண்ணங்கள், மூன்று நரம்புகள். 10 வயதுப் பிள்ளைக்கு இந்த வரைபடத்தை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. அன்று மாலையே குழுவில் எல்லோருக்கும் காட்டினேன். பள்ளிக்குப் போகப் பிடிக்காதவள் என்ற பேச்சு அதோடு நின்றது.

வெட்டிய நரம்புக்கு வெட்டுண்டது தெரியாது. அதன் இழைகள் மறுபடி துளிர்த்து, முன்பு சென்று சேர்ந்த தசையையும் தோலையும் தேடி வளரும். போய்ச் சேர இடம் இல்லாவிட்டால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தழும்பும் சேர்ந்து, நுனியில் முடிச்சாகத் திரளும். அதைத்தான் நியூரோமா என்கிறோம். மெல்ல அழுத்தினாலும், சில சமயம் அழுத்தாமலும், அது சமிக்ஞைகளை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். மூளையில் அந்தப் பாதத்துக்கு உரிய இடம் அப்படியே இருப்பதால், வந்த செய்தியைப் பாதத்திலிருந்து வந்ததாகவே அது எடுத்துக்கொள்ளும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த வீரர்களைக் கவனித்த வைர் மிட்செல் என்ற நரம்பியல் மருத்துவர் 1871இல் இதற்கு மாய உறுப்பு என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். குழந்தைகளுக்கு இது வருவதில்லை, வந்தாலும் சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்ற எண்ணம் மருத்துவர்களிடையே வெகுகாலம் இருந்தது. நானும் அப்படித்தான் படித்து வந்தேன்.

ஊசி போட்டுப் பார்த்தோம்

எஞ்சிய காலின் வெளிப்பக்க நுனிக்குச் சற்று மேலே விரலால் லேசாகத் தட்டினால், பாதத்தின் மேற்புறத்தில் சுருக்கென்றது. பின்பக்கம் ஆழமாக அழுத்தினால் உள்ளங்கால் எரிந்தது. அல்ட்ராசவுண்டில் இரண்டு இடத்திலும் நரம்பின் நுனி, வெங்காயத் தாளின் அடிக்குமிழ் போலப் பருத்திருந்தது.

படத்தில் முடிச்சு தெரிவதாலேயே வலி அதிலிருந்துதான் வருகிறது என்று முடிவுகட்ட முடியாது. வலியே இல்லாத முடிச்சுகளும் உண்டு. எலும்பு விஷயத்தில் ஒருமுறை அவசரப்பட்டாயிற்று. அதனால் தோலை மரக்கவைக்கும் களிம்பு தடவிக் காத்திருந்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே முடிச்சைச் சுற்றி, நரம்பைத் தற்காலிகமாக மரத்துப்போகச் செய்யும் மரப்பூசி போட்டோம். ஒரே நாளில் இரண்டுக்கும் போடவில்லை. எது எந்த வலியைத் தருகிறது என்று பிரித்துப் பார்க்க ஒரு வார இடைவெளி விட்டோம்.

முதல் நாள் பெரோனியல். செயற்கைக்காலைப் போட்டு நிற்கச் சொன்னோம். ஷாக் இல்லை, எரிச்சல் அப்படியே இருந்தது. அடுத்த வாரம் டிபியல். பத்து நிமிடம் போயிருக்கும். கட்டிலில் படுத்திருந்தவள் கையை நீட்டி, போர்வைக்கு மேலே, பாதம் இருந்திருக்க வேண்டிய வெற்றிடத்தில் ஆள்காட்டி விரலை வைத்தாள். "அம்மா, விரல் நீண்டுவிட்டது" என்றாள். அம்மா அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கால் இல்லை என்று மகளை அதட்டிய நாட்களைப் பற்றி என்னிடம் தனியாக வந்து பேசினார்.

எதைச் செய்வது

மருந்தையும் பயிற்சியையும் தாண்டி உடனே கத்திக்குப் போகவில்லை. நரம்பு வலிக்கான கபாபென்டின் மருந்தைக் கொடுத்தோம். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது, ஆனால் வகுப்பில் தூங்கி வழிந்தாள். அளவைக் குறைத்தால் வலி, கூட்டினால் தூக்கம். கண்ணாடிப் பயிற்சியும் 6 வாரம் செய்தாள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் உலகுக்குத் தந்த எளிய முறை இது. இரண்டு கால்களுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, வலது பாதத்தை அசைத்தால் இல்லாத இடது பாதம் அசைவது போலக் கண்ணுக்குத் தெரியும். அவளுக்கு அது பிடித்திருந்தது. மடங்கிய விரல்கள் ஒரு மணி நேரம்வரை தளர்ந்தன. ஆனால் சாக்கெட்டைப் போட்டதும் வரும் ஷாக்கை அது தொடவே இல்லை. கண்ணாடி மூளையிடம் பேசுகிறது, கீழே முடிச்சோ தன் செய்தியை நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் சரிசெய்து பயன் இல்லை என்று அப்போது தெளிவானது.

முடிச்சை வெட்டி நரம்பு முனையைத் தசைக்குள் புதைப்பது பழைய வழி. பலருக்கு அது பலன் தந்திருக்கிறது. ஆனால் புதைத்த முனையும் மறுபடி துளிர்க்கும், மறுபடி முடிச்சாகும். இவளுக்கு இன்னும் வளர்ச்சியே பல ஆண்டு பாக்கி இருந்தது.

எங்கள் நுண்ணறுவை மருத்துவர் சொன்ன வழி டார்கெட்டட் மசில் ரீஇன்னர்வேஷன், சுருக்கமாக டி.எம்.ஆர். முடிச்சை எடுத்துவிட்டு, அந்த நரம்பு முனையை, அருகில் இருக்கும் தசைக்குப் போகும் சிறு இயக்க நரம்புக் கிளையோடு தைத்து இணைப்பது. அந்தக் கிளையின் வழியே புது இழைகள் தசைக்குள் இறங்கி அங்கே பொருந்திக்கொள்ளும். 2002இல் சிகாகோவில் டாட் குய்கனும் கிரிகரி டுமானியனும் இதை முதலில் செய்தது வலிக்காக அல்ல. தோளோடு கை இழந்தவர், நினைத்தவுடன் மின்விசைக் கையை இயக்க வேண்டும் என்பதற்காக. அப்படிச் செய்துகொண்டவர்களுக்கு நரம்பு முடிச்சு வலி இல்லாமல் இருப்பதைப் பிறகு கவனித்தார்கள். புதைக்கும் முறையையும் டி.எம்.ஆரையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட, 28 பேர் பங்கேற்ற ஆய்வு 2019இல் வெளியானது. அதில் மாய உறுப்பு வலி டி.எம்.ஆர். செய்துகொண்டவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. அவர்கள் பெரியவர்கள். குழந்தைகளைப் பற்றிய அனுபவம் சிறு சிறு தொகுப்புகளாகவே இருக்கிறது. இதைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொன்னோம்.

அப்பாவுக்கு இது எளிதில் விளங்கவில்லை. நுண்ணறுவை மருத்துவர் அவருடைய வீட்டுத் தோட்டத்தைப் பற்றிக் கேட்டார். பாகற்கொடி போட்டிருப்பதாக அவர் சொன்னார். "கொழுகொம்பு நடாமல் விட்டால் கொடி என்ன ஆகும்?" என்று மருத்துவர் கேட்டார். தன்னைத்தானே சுற்றிக்கொண்டு தரையில் சிக்குப் பிடித்துக் கிடக்கும் என்றார் அப்பா. "அந்தச் சிக்குதான் உங்கள் மகள் காலில் இருக்கிறது. வெட்டிவிட்டால் மறுபடி சிக்காகும். கொம்பு நட்டுக் கொடுக்கப்போகிறேன்." அப்பாவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மகளின் சம்மதத்தைப் பெறுவது வேறு விதமான வேலையாக இருந்தது. ஏற்கெனவே பலமுறை மயக்கத்தில் போய், ஒவ்வொரு முறையும் எதையோ இழந்து விழித்தவள் அவள். "இன்னும் எவ்வளவு வெட்டுவீர்கள்?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. எதையும் எடுக்க மாட்டோம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். மருத்துவர் தடுத்து, "நரம்பு நுனியில் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது, அதை எடுப்பேன். எலும்பைத் தொட மாட்டேன், காலின் நீளம் இம்மியும் குறையாது" என்று நேராகச் சொன்னார். அவள் தன் ஸ்கேல்லால் முழங்காலிலிருந்து நுனிவரை அளந்து நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். 14 சென்டிமீட்டர்.

அறுவை

விபத்து நடந்து 18ஆம் மாதத்தில் அறுவை நடந்தது. தசையைத் தளர்த்தும் மருந்து நீடித்து வேலை செய்தால், இயக்க நரம்புக் கிளையைக் கண்டறிய நரம்பைத் தூண்டும் கருவிக்குத் தசை துடிக்காது. ஆகவே மயக்க மருத்துவரோடு முன்கூட்டியே பேசி அதைத் தவிர்த்தோம். வலியடக்க, தொடையில் காலுக்கு இறங்கும் நரம்பருகே ஒரு மெல்லிய குழாய் வைக்கப்பட்டது. மருந்தை அதன் வழியே அறுவை முடிந்த பிறகே செலுத்தத் தொடங்கினார்கள்.

முழங்காலுக்குப் பின்னால் திறந்து, டிபியல் நரம்பின் முடிச்சை நீக்கி, ஆடுசதைக்குப் போகும் ஒரு கிளையோடு இணைத்தார். ஆடுசதைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கிளைகள் உண்டு. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் தசை சூம்பிப்போகும். சாக்கெட்டுக்குள் எலும்புக்கு மெத்தையாக இருப்பது அந்தத் தசைதான். அதனால் ஒரு கிளையை மட்டும் எடுத்தார். பெரோனியல் நரம்பை வெளிப்பக்கத் தசையின் கிளையோடு இணைத்தார். தடித்த நரம்பையும் நூலிழை போன்ற கிளையையும் இணைப்பதில் அளவு பொருந்தாது. குழந்தையிடம் எல்லாமே இன்னும் சிறியது. தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்து, இணைப்பின் மேல் சுற்றியுள்ள தசையைப் போர்த்தினார்.

சூரல் நரம்புக்குப் பக்கத்தில் தோதான கிளை கிடைக்கவில்லை. அதன் நுனியை ஒரு சிறு தசைத் துண்டால் சுற்றித் தைத்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான, ஆர்.பி.என்.ஐ. என்று சுருக்கி அழைக்கப்படும் முறை இது. அங்கும் நோக்கம் ஒன்றுதான்: துளிர்க்கும் இழைகளுக்குப் போய்ச்சேர ஓர் இடம்.

ஐந்தாவது வாரம்

முதல் மூன்று நாள் குழாய் வழி மருந்தில் நிம்மதியாகத் தூங்கினாள். கட்டுப் பிரித்த அன்றே ஸ்கேல்லை எடுத்து அளந்தாள். 14 சென்டிமீட்டர். மருத்துவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஐந்தாவது வாரத்தில் எல்லாம் கெட்டது. உள்ளங்கால் எரிச்சல் முன்னைவிட அதிகம். ஆறு முகங்கள் கொண்ட வலி அளவுப் படத்தில் கடைசி முகத்தைக் காட்டினாள், 10. நரம்பிழைகள் புதுத் தசைக்குள் இறங்கும் காலத்தில் இப்படி வலி ஏறி இறங்குவது பலருக்கும் நேர்வது. நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். தைத்த இடத்திலிருந்து தசைக்கு இருக்கும் தொலைவைக் கணக்கிட்டு, இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லியிருந்தோம். அவளிடம் சொல்லவில்லை, பயப்படுவாளே என்று. "சரியாகும் என்று சொன்னீர்கள். பொய்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு முறை வந்தும் என்னோடு பேசவில்லை. அவள் சொன்னதில் தப்பே இல்லை.

மருந்தின் அளவைக் கூட்டினோம், கண்ணாடிப் பயிற்சியை மறுபடி தொடங்கினோம். நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் 1 மில்லிமீட்டர் என்று அவளையே குறிக்கச் சொன்னோம். அளப்பது அவளுக்குப் பிடித்த வேலை. அது எங்களுக்குள் மறுபடி பேச்சைத் தொடங்கி வைத்தது.

என் உள்ளங்கைக்குக் கீழே

11ஆம் வாரம். வழக்கம்போல ஆடுசதையின் மீது உள்ளங்கையை வைத்து, "மடங்கின விரலை நீட்டிப் பார், பிறகு மடக்கு" என்றேன். நீட்டச் சொன்னபோது ஒன்றுமில்லை. மடக்கச் சொன்னபோது, என் கைக்குக் கீழே, தண்ணீருக்குள் மீன் திரும்புவது போல ஒரு சிறு துள்ளல். மறுபடி மடக்கு என்றேன். மறுபடி துள்ளியது. அவள் கையை எடுத்து அதே இடத்தில் வைத்தேன். மடக்கினாள், தன் கைக்குக் கீழேயே அந்தத் துடிப்பை உணர்ந்தாள். அன்று முழுக்க வார்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள்.

அதற்குப் பிறகு வலி படிப்படியாக இறங்கியது. அறுவைக்குப் பிந்தைய 5ஆம் மாதத்தில் கபாபென்டினைச் சிறுகச் சிறுகக் குறைத்து நிறுத்தினோம். 6ஆம் மாதத்தில், சாக்கெட் போட்டு நின்றால் வலி 2. இரவில் எரிச்சல் வாரத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ, அதுவும் 4ஐத் தாண்டவில்லை. புதிய அச்சு எடுத்தோம். வெளிப்பக்கத் தசையின் உருவம் மாறியிருந்ததால் பழைய சாக்கெட் பொருந்தவில்லை. பள்ளிக்கு முழுநாளும் போகத் தொடங்கினாள். வகுப்பாசிரியை, அனுமதி கேட்காமலே அவளை எழுந்து நடக்க விடுவதாகத் தானே முன்வந்து சொன்னார்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. சுண்டுவிரல் ஓரத்துக் குடைச்சல், அதாவது சூரல் நரம்பு, குறைந்திருக்கிறதே தவிரப் போகவில்லை. மழைக்காலத்தில் கூடுகிறது. அது எங்கள் தசைச் சுற்றலின் குறையா, நரம்பின் வேறு கிளை காரணமா என்பதை இன்னும் பிரித்தறியவில்லை. அறுவைக்குப் பிந்தைய 20ஆம் மாதத்தில் சிற்றெலும்பின் முனை மறுபடி வளர்ந்து, இம்முறை உண்மையாகவே தோலை உந்தியது. அதைச் சீவுமுன் மரப்பூசி போட்டுப் பார்த்தோம், ஸ்கேன் எடுத்தோம், தாளில் வரையச் சொன்னோம். பாதத்தில் வண்ணமே இல்லை. எலும்பு முனையில் மட்டும் ஒரு பச்சைப் புள்ளி.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலாவது, கேள்வி. 5ஆம் மாதத்தில் அவள் எங்களிடம் வந்த அன்றே அந்தத் தாளையும் வண்ணக் குச்சியையும் கொடுத்திருக்க வேண்டும். கைக்கு எட்டியதை மட்டும் காட்டச் சொல்லிவிட்டு, அவள் காட்டியதை வைத்துச் சிகிச்சை செய்தோம். இல்லாத பாதத்தைப் பற்றிப் பேசினால் பெரியவர்கள் முகம் மாறுவதைப் பார்த்துக் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். பேசலாம் என்று நாம்தான் முதலில் சொல்ல வேண்டும், அதுவும் பெற்றோர் எதிரில்.

எலும்பைச் சீவிய 11ஆம் மாதம் என்னை இன்னும் உறுத்துகிறது. அன்று அவள் மயக்கத்தில் இருந்தாள். பெரோனியல் நரம்பின் முடிச்சு, கத்தி வைத்த இடத்திலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது. அறுவைக்கு முன் ஒரு ஸ்கேன், ஒரு மரப்பூசி செய்திருந்தால் இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடித்திருக்கலாம். 7 மாதப் பள்ளியும், அதைவிட அதிகமாக அவளது தூக்கமும் மிஞ்சியிருக்கும்.

காலை எடுக்கும்போதே நரம்புக்கு இடம் தேடிக் கொடுத்துவிடலாமே என்று பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. புற்றுநோய் போன்ற காரணங்களுக்காகத் திட்டமிட்டுச் செய்யும் உறுப்பு நீக்கத்தில் அப்படிச் செய்வது கூடிவருகிறது, செய்யவும் வேண்டும் என்பது என் கருத்து. மண்ணும் சீழும் நிறைந்த நசுங்கிய காயத்தில் முதல் நாளே அதைச் செய்வது வேறு. உயிரும் முழங்காலும் முதலில். ஆனால் கிருமித் தொற்று அடங்கிக் காயத்தை மூடும் நாளில் நுண்ணறுவை மருத்துவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் வாய்ப்பு உண்டு. அதற்காக எங்கள் இரு பிரிவுகளும் இப்போது மூடும் தேதியை முன்கூட்டியே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம்.

ஐந்தாவது வாரத்தைப் பற்றி இனி பிள்ளையிடம்தான் முதலில் சொல்வோம். இதற்காக இவளே ஒரு நாட்காட்டி செய்து கொடுத்திருக்கிறாள். 90 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 1 மில்லிமீட்டர், 35ஆம் கட்டத்தில் அழுகிற முகம், 77ஆம் கட்டத்தில் ஒரு மீன். மீன் எதற்கு என்று புது நோயாளிகள் கேட்டால் சொல்ல வேண்டாம், அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று எனக்கு உத்தரவு.

கடைசியாக வந்தபோது அறுவை முடிந்து 2 ஆண்டு ஆகியிருந்தது. வயது 12. ஒரு நாளைக்கு 9 மணி நேரம் செயற்கைக்கால் போடுகிறாள். எஞ்சிய காலின் நீளம் இப்போது 15.5 சென்டிமீட்டர். பாதம் இன்னும் இருப்பது போலவே தெரிகிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள், விரல்கள் நீண்டே இருக்கின்றன. அப்பத்தாவிடம் சொல்லிவிட்டாளாம்.